எவர்சில்வர் வெளிச்சம்

வண்டியை எடுப்பதற்கு முன்னால் வெள்ளைச்சாமி தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இரண்டு ஹெட்லைட்டையும் துடைப்பார். கண்ணாடியில் தூசி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் துடைப்பதில்லை. துடைத்த பிறகுதான் பார்ப்பார். முதலில் இடப்பக்க விளக்கு, பிறகு வலப்பக்க விளக்கு, கடைசியாக நம்பர் பிளேட்டுக்குச் செல்லமாக ஒரு தட்டு. உச்சி வெயிலில் கிளம்பினாலும் இதே சடங்குதான். "வெயில்ல எதுக்குண்ணே லைட்டைத் தொடைக்கிறீங்க?" என்று கேட்டால், "போறப்ப வெயிலு. வர்றப்ப?" என்பார்.

பொன்னமராவதி கடைவீதியில் அவருக்குப் பாத்திரக்கடை. பெயர் 'சொர்ணவல்லி பாத்திர மாளிகை'. சொர்ணவல்லி என்பது மனைவி. மாளிகை என்பது ஆசை. உள்ளே ஒருவர் ஒடுங்கி நடக்க ஒரு சந்து உண்டு. இரண்டு பக்கமும் குடம், அண்டா, தூக்குச்சட்டி, இட்லிக் கொப்பரை எல்லாம் கூரையைத் தொட அடுக்கியிருக்கும். சந்தின் கோடியில் ஒரு ஸ்டூல். அதன்மேல், பேர் வெட்டும் மெஷினைக் கையில் பிடித்தபடி வெள்ளைச்சாமி. வாரத்தில் ஆறு நாள் அவருடைய உலகத்துக்கு அகலம் அவ்வளவுதான்.

எங்கள் பக்கம் சீர்ப் பாத்திரத்தைப் பேர் வெட்டாமல் கொடுக்கிற வழக்கம் கிடையாது. டம்ளர் விளிம்புக்குக் கீழே, கடுகைப் பக்கத்தில் வைத்தால் கடுகு பெரிதாகத் தெரிகிற எழுத்தில், மாமன் பெயர், ஊர், தேதி எல்லாவற்றையும் வெட்டிவிடுவார். ஒரு எழுத்து கோணாது. பழைய குடத்தைக் கொண்டுவந்து, பாட்டன் பெயரைத் தேய்த்துவிட்டுத் தன் பெயரை வெட்டச் சொல்கிறவர்களும் உண்டு. அதற்கு மட்டும் ஒப்பமாட்டார். "இருந்த பேரை அழிக்கக் கூடாதுங்க. கீழ எடம் கெடக்குல்ல, அங்கிட்டு வெட்டிக்கிருவோம்." இப்படிப்பட்ட ஆளின் கண்ணைப் பற்றி யாருக்காவது சந்தேகம் வருமா? எங்களுக்கும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு ஷட்டர் விழுந்தால் வெள்ளைச்சாமி வேறு ஆள். அவரிடம் இருப்பது வயதான ஒரு வெள்ளை டீசல் கார். அதில் ஏறி உட்கார்ந்ததும் முதுகு நிமிரும், குரல் உயரும். சந்துக்குள் ஆறு நாள் இருந்த மனிதர் ஒரு நாள் முழுக்க ரோட்டைக் குடிப்பார். "இதுவும் இல்லைன்னா நான் அந்த ஸ்டூலோட ஸ்டூலாப் போயிருவேன் தம்பி" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

எங்களுடையது ஒரு கார்ப் பித்தர் கூட்டம். வாட்ஸ்அப்பில் அதற்குப் பெயர் 'சக்கரப் பொங்கல்'. ஞாயிறு மாலை திருமயத்தில் கோட்டை தெரிகிற டீக்கடையில் கூடுவோம். அறந்தாங்கியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஆத்மநாதன், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ரகுநாத், பேங்கில் வேலை பார்க்கும் நான், இன்னும் சிலர். என் கார் வீட்டில் நின்றதைவிடப் பட்டறையில் நின்றதுதான் அதிகம். அந்த ஒரு தகுதியில்தான் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

இரண்டு வருஷமாக அந்த டீக்கடையில் ஒரே பேச்சு லைட்டுதான். ஆரம்பித்து வைத்தவர் வெள்ளைச்சாமி. கம்பெனி கொடுத்த மஞ்சள் பல்பு போதவில்லை என்று அதிக வாட்ஸ் பல்பு போட்டார். ஒயர் சூடாகிறது என்று ஆத்மநாதன் சொல்ல, ரிலே வைத்துத் தனி ஒயரிங் இழுத்தார். அதுவும் போதாமல் எல்.இ.டி.க்கு மாறினார். அதிலும் மூன்று தினுசு மாற்றியாகிவிட்டது. ஒவ்வொரு ஞாயிறும் டீ கிளாஸை வைத்துவிட்டு அவர் சொல்கிற வாக்கியம் ஒன்றுதான்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா வெளிச்சம் பத்தலைங்க."

அந்த ஒரு வாக்கியத்தை வைத்து நாங்கள் பொழுது சாயும்வரை பேசுவோம். வெள்ளை வெளிச்சம் மழையில் எடுபடாது, மஞ்சள்தான் தரையைப் பிடிக்கும் என்பது ஆத்மநாதன் கட்சி. பல்பில் ஒன்றுமில்லை, அது உட்காருகிற கிண்ணத்தில்தான் விஷயம் இருக்கிறது என்று ரகுநாத் செல்போனில் படம் காட்டுவான். எல்.இ.டி. போட்டவன் எல்லாம் எதிரே வருகிறவன் கண்ணைப் பொசுக்குகிறான் என்று நான் பொதுநலம் பேசுவேன். இப்போது யோசித்தால் வியப்பாக இருக்கிறது. அத்தனை ஞாயிறுகளில் கண் என்ற வார்த்தை எத்தனையோ தடவை வந்தது. ஒரு தடவைகூட அது வண்டி ஓட்டுகிறவனுடைய கண்ணாக இருந்ததில்லை.

சொர்ணவல்லி அக்காவைச் சொல்லாமல் அந்தக் காரைச் சொல்ல முடியாது. அக்கா இடப்பக்கம் ஏறி, மடியில் முறுக்கு டப்பாவை வைத்துக்கொண்டு, வண்டி நகர்ந்ததிலிருந்து நிற்கிறவரை பேசுவார். ஊர்க்கதை இல்லை, ரோட்டுக்கதை. "அங்கிட்டு மாடு நிக்கிது. இங்கிட்டு ஒரு அம்மா கொடத்தோட வருது. முன்னால டிராக்டரு, பின்னால லைட்டு இல்ல." பொழுது சாயச் சாயப் பேச்சு கூடும். அக்காவின் குரலையே செல்போன் மேப்பில் போட்டுவிடலாம் என்று ரகுநாத் கேலி செய்வான். அக்கா சிரிப்பார், பேச்சை மட்டும் நிறுத்தமாட்டார். வெள்ளைச்சாமியும் விட்டுக்கொடுக்கமாட்டார். "அவ பேசலைன்னா எனக்குத் தூக்கம் வந்துரும்ங்க" என்பார். பொண்டாட்டி பேச்சில் தூக்கம் கலைகிற ஒரே ஆம்பளை என்று அவருக்குப் பட்டம் கொடுத்திருந்தோம்.

போன ஆவணியில் ஒரு ஞாயிறு, கட்டுமாவடிக்கு மீன் சாப்பிடப் போனோம். என் கார் வழக்கம்போலப் பட்டறையில். அக்கா தன் அண்ணன் மகளின் வளைகாப்புக்குப் போய்விட்டதால் அந்த இடப்பக்க இருக்கை எனக்கு வாய்த்தது. கிளம்புவதற்கு முன் அக்கா எனக்குப் போன் செய்தார். "தம்பி, இருட்டுறதுக்குள்ள அவரைக் கெளப்பி விட்ருங்க. முன்னால ஒக்காந்து பேசிக்கிட்டே வாங்க. என்ன வருது, என்ன போகுதுன்னு சொல்லிக்கிட்டே வாங்க." தூக்கத்துக்குத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். சரிக்கா, முறுக்கு மட்டும் கொடுத்துவிடுங்கள் என்றேன்.

மீன் எங்களைக் கட்டிப்போட்டுவிட்டது. சாப்பாடு முடிந்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. படகு வந்து இறங்குகிறவரை இருந்து நண்டு வாங்காமல் நகரமாட்டேன் என்று ஆத்மநாதன் கரையில் நின்றுகொண்டார். வெள்ளைச்சாமி நொடிக்கொரு தரம் வானத்தைப் பார்த்தார். பிறகு டிக்கியைத் திறந்து ஒரு சாக்குப் பொட்டலத்தை எடுத்தார். பிரித்தால் உள்ளே பளபளவென்று நீளமான எவர்சில்வர் தட்டு. கல்யாண வீட்டில் வெற்றிலை பாக்கு வைக்கிற தட்டு. மூலையில் 'வெ. சா., பொன்னமராவதி' என்று பேர்கூட வெட்டியிருந்தது.

காரின் முகப்பில், பம்பருக்கு மேலே, ஏற்கெனவே நீளமாக ஒரு எல்.இ.டி. பார் லைட் பொருத்தியிருந்தார். அதன் முதுகுக்குப் பின்னால் இந்தத் தட்டை நிறுத்தி நாலு போல்ட் முடுக்கினார். "வெளிச்சம் பாதி பின்னால போயி வீணாகுதுங்க. தட்டு நின்னா அம்புட்டும் முன்னால தள்ளும்." நாங்கள் சுற்றி நின்று கைதட்டினோம். ரகுநாத் படம் எடுத்துக் குழுவில் போட்டான். பாத்திரக்கடைக்காரர் மூளை பாத்திரக்கடை மூளைதான் என்று பாராட்டினோம். அன்றைக்கு மட்டும் ஏன் இவ்வளவு அவசரம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அறந்தாங்கி தாண்டும்போது சூரியன் விழுந்துவிட்டது. வெள்ளைச்சாமி எல்லா விளக்கையும் போட்டார். புளியமரங்கள் வெள்ளையடித்த மாதிரி எழுந்து நின்றன. எதிரே வந்த ஒரு வேன் லைட்டை விட்டு விட்டு அடித்தது. வெள்ளைச்சாமி ஸ்டீரிங்கிலிருந்து வலது கையை எடுத்து நெற்றிவரை உயர்த்தினார். அடுத்து ஒரு லாரி. அதுவும் அடித்தது. மறுபடியும் கை நெற்றிக்குப் போனது. "நம்ம கடையில பாத்திரம் எடுத்தவங்களா இருக்கும் தம்பி. வண்டியைப் பாத்தே கும்பிடுறாக." எனக்கு அதில் ஒரு பெருமைகூட வந்தது. ஜில்லாவில் பாதிக் கல்யாணத்துக்கு இவர் கடைச் சீர்தானே போகிறது. முறுக்கைக் கடித்துக்கொண்டு நானும் கும்பிட்டேன்.

அரிமளம் வருவதற்கு முன் ஒரு கண்மாய்க் கரை. ரோட்டோரத்தில் ஒரு மொபெட், பின்னால் புல்லுக்கட்டு, அதை அணைத்துப் பிடித்தபடி ஒரு பெண். பார் லைட் வெளிச்சத்தில் புல்லின் ஒவ்வொரு தாளும் எனக்குத் தெரிந்தது. வெள்ளைச்சாமி வேகத்தைக் குறைக்கவில்லை, ஒதுங்கவும் இல்லை. "அண்ணே, வண்டி!" என்று நான் கத்தின பிறகுதான் ஸ்டீரிங் திரும்பியது. புல்லுக்கட்டு எங்கள் பக்கக் கண்ணாடியை உரசிக்கொண்டு பின்னால் போயிற்று. ஓட்டியவர் திட்டியது காதில் விழுந்தது. அந்தப் பெண்ணின் முகத்தை நான் பார்த்தேன்.

அந்தத் திட்டு காதிலிருந்து போவதற்குள் ஏதோ தீய்ந்த வாடை. குனிந்து பார்த்தால் சூடு காட்டுகிற முள் சிவப்பில் படுத்துக்கிடந்தது. பக்கத்தில் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக எரிந்ததோ தெரியாது. அவர் கண்ணுக்கு நேர் கீழே இருக்கிற விளக்கு அது. ஓரங்கட்டச் சொன்னேன். நின்றதும் பானெட்டிலிருந்து புகை மாதிரி ஆவி கிளம்பியது.

பின்னால் தன் காரில் வந்த ஆத்மநாதன் இறங்கி, முகப்பைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். வேறு எங்கும் தேடவே இல்லை. ரேடியேட்டருக்குக் காற்று போகிற வழியைத் தட்டு கதவு மாதிரி அடைத்து நின்றது. "வேலியில போன ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்ட கதைதான்ணே இது" என்று சிரித்துக்கொண்டே ஸ்பேனரை எடுத்தார். கரையில் கைதட்டினவர்களில் முதல் ஆள் அவர்தான் என்பதை நான் ஞாபகப்படுத்தவில்லை. இஞ்சின் ஆறுகிறவரை மூடியைத் திறக்கக் கூடாது என்று, விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். மேற்கே இன்னும் கொஞ்சம் சிவப்பு மிச்சம் இருந்தது. கண்மாய்த் தண்ணீர் தெரிந்தது. எங்கள் முகங்கள் தெரிந்தன.

வெள்ளைச்சாமி காரிலிருந்து இறங்கி, பானெட்டின் விளிம்பைத் தடவிக்கொண்டே முன்னால் வந்தார். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கோபமாக்கும் என்று நினைத்தேன். நீட்டிய கை நீட்டியபடி இருக்க, அவர் எனக்கு நேராக நின்று கேட்டார்: "தண்ணி எங்க தம்பி இருக்கு?"

ஆத்மநாதன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். அவர் அறந்தாங்கிப் பக்கத்து ஆள், சுற்றிவளைத்துப் பேசத் தெரியாது. "அண்ணே, மாலைக்கண்ணா?" என்றார்.

அந்த வார்த்தையை எங்கள் கூட்டத்தில் யாரும் சொன்னதில்லை. வெளிச்சத்தை அளக்கிற லூமன் தெரியும், அதன் நிறத்தை அளக்கிற கெல்வின் தெரியும், இது தெரியாமல் போயிற்று. நான் பாட்டிலை அவர் கையில் வைத்து விரல்களை மூடினேன். அவர் குடிக்காமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

"வெளிச்சம் பத்தலைன்னுதாங்க நெனச்சேன்" என்றார். "இன்னுங் கொஞ்சம் போட்டா தெரிஞ்சிரும், இன்னுங் கொஞ்சம் போட்டா தெரிஞ்சிரும்னு." பிறகு, "நேராப் பாத்தா எறும்பு தெரியுது தம்பி. ஓரத்துல ஆனை நின்னாத் தெரியலை" என்றார்.

அக்காவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினார். "அவ என்கிட்ட சொன்னதில்ல. நானும் அவகிட்ட சொன்னதில்ல. மாடு நிக்கிதும்பா, நான் திருப்பிருவேன்."

எதிரே ஒரு பஸ் வந்து எங்களைக் கடந்தது. வெள்ளைச்சாமி அந்தச் சத்தம் போன திசையில் முகத்தைத் திருப்பினார். இவ்வளவு நேரம் வேனும் லாரியும் விளக்கை அடித்தது டிம் பண்ணச் சொல்லித்தானே என்று கேட்டார். எங்களுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "நான் கும்பிட்டுக்கிட்டு வந்திருக்கேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதற்குச் சிரித்திருக்கலாம். அவர் சிரித்திருந்தால் நாங்களும் சிரித்திருப்போம். பிறகு சாவியை என் பக்கம் நீட்டினார். "அந்தப் புல்லுக்கட்டு வண்டியை நான் பாக்கவே இல்ல தம்பி. நீங்க கத்துனதைத்தான் கேட்டேன்."

பொன்னமராவதிவரை நான்தான் ஓட்டினேன். வளைகாப்பிலிருந்து திரும்பி வாசலில் நின்ற அக்கா, வலப்பக்கக் கதவைத் திறந்துகொண்டு நான் இறங்குவதைப் பார்த்தார். முறுக்கு டப்பாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, அவர் இறங்குகிற பக்கம் போய் நின்றார்.

மதுரைக்குப் போய்க் கண்ணைக் காட்டினார்கள். விழித்திரை ஓரத்திலிருந்து கருகிக்கொண்டு வருகிறதாம். கண்ணாடியோ ஆபரேஷனோ உதவாது, நடுப்பார்வை பல காலம் நிற்கலாம், பேர் வெட்டலாம், ரோடு மட்டும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஸ்டூலை விட்டுவைத்துவிட்டு ரோட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. எடுக்கிறதென்றால் இதையா எடுப்பது? பல ஞாயிறுகள் அவர் டீக்கடைக்கு வரவில்லை. காரை விற்கப்போகிறார் என்று ஒரு பேச்சு. கடைக்குப் போய்ப் பார்த்தேன். டம்ளரிலிருந்து தலையைத் தூக்காமல், அதை வாங்குகிற ஆளுக்கு அந்த வண்டியோட குணம் தெரியாதே தம்பி என்றார். லைட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

தை பிறந்த பிறகு ஒரு ஞாயிறு, டீக்கடை வாசலில் அந்த வெள்ளைக் கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. வலப்பக்கத்தில் சொர்ணவல்லி அக்கா, நெற்றியெல்லாம் வியர்வை. முகப்பில் பார் லைட் இல்லை, பழையபடி கம்பெனி பல்பு. கண்ணாடியில் சிவப்பு 'எல்' ஒன்று ஒட்டியிருந்தது. இடப்பக்கத்திலிருந்து வெள்ளைச்சாமி இறங்கினார். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் அவரே முந்திக்கொண்டார். "எல்.இ.டி. எல்லாத்தையும் கழட்டியாச்சுங்க. 'எல்'லு மட்டும் மிச்சம்." ரகுநாத் சிரித்த சிரிப்பில் டீ சட்டையில் கொட்டியது. அக்கா லைசன்ஸ் வாங்கிவிட்டார், எல் போர்டைக் கிழிக்கத்தான் மனசு வரவில்லையாம். அது இருந்தால் லாரிக்காரன் மரியாதையாக ஒதுங்குகிறான் என்றார்.

முறுக்கு அந்த எவர்சில்வர் தட்டில் வந்தது. போல்ட் போட்ட நாலு ஓட்டை வழியாகத் துகள் உதிர்ந்தது. ஆத்மநாதன் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதில் இப்போது காற்று நன்றாகப் போகிறது என்றார். பேச்சு மறுபடியும் லைட்டுக்கு வந்தது, மஞ்சளா வெள்ளையா என்று. வெள்ளைச்சாமி காது கொடுத்துக் கேட்டார். முடிவில், எந்தப் பல்பைப் போட்டாலும் போடுகிறவன் முதலில் கண்ணைக் காட்டிவிட்டு வரட்டும் என்று மெதுவாகச் சொன்னார். அடுத்த வாரமே நாங்கள் எல்லோரும் போய்க் காட்டினோம்.

வெயில் தாழ்ந்ததும் கிளம்பினார்கள். என் கார் எங்கே இருந்தது என்பதைச் சொல்லவேண்டியதில்லை, நான் பின்சீட்டில். வெள்ளைச்சாமி துண்டை எடுத்து இரண்டு ஹெட்லைட்டையும் துடைத்தார். நம்பர் பிளேட்டைத் தட்டினார். பானெட்டைத் தடவிக்கொண்டு சுற்றிப் போய் இடப்பக்கம் ஏறினார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அக்காவிடம் கொடுத்தபோது அதில் தொங்கிய எவர்சில்வர் வில்லையைப் பார்த்தேன். மேலே 'வெள்ளைச்சாமி'. அதற்குக் கீழே, கிடந்த இடத்தில், புதிதாக வெட்டின பளபளப்போடு 'சொர்ணவல்லி'.

வண்டி பொன்னமராவதிச் சாலையில் திரும்பியது. இப்போது பேசுவது அவர். இருபது வருஷமாக ஓட்டின ரோடு. கண்ணை மூடிக்கொண்டே சொன்னார். "இப்ப ஒரு பாலம் வரும் சொர்ணம். எறங்குனதும் இங்கிட்டு பள்ளம், கியரைக் கொறச்சுக்க." அக்கா குறைத்துக்கொண்டார். பள்ளம் வந்தது. பொழுது இறங்க இறங்க அவர் குரல் தயங்கியது, அக்காவின் குரல் எழுந்தது. அங்கிட்டு ஆடு, இங்கிட்டு சைக்கிள். பழைய கமெண்டரிதான். ஓட்டுகிறவருக்கு அது தேவையில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

தூரத்தில் இரண்டு வெளிச்சப் புள்ளிகள் பெரிதாகிக்கொண்டு வந்தன. அக்கா விளக்கைத் தாழ்த்தினார். எதிரே வந்ததும் தாழ்ந்தது.

"வேனு ஒண்ணு வருதுங்க" என்றார் அக்கா. "நம்மளைப் பாத்து டிம் அடிச்சிட்டாக."

வெள்ளைச்சாமி கண்ணைத் திறந்தார். வேன் எந்தப் பக்கம் என்று தேடவில்லை. வலது கையை மடியிலிருந்து எடுத்து, நெற்றிவரை உயர்த்தினார்.